மூணு பேரா போகக்கூடாது

அந்தப் பெட்டி என்னுதுதான் தம்பி. கால்ல இடிக்குதா? இருங்க, இப்படி சாச்சு வச்சுக்கிடுதேன். கண்டக்டர் பின்னால கொண்டு போடச் சொன்னான், நான் மாட்டேன்னுட்டேன். அமெரிக்காவுல இருந்து வாரது. உள்ள பெருசா ஒன்னுமில்ல, பாதாம் பருப்பு கொஞ்சம், ஒரு ஜோடி பூட்சு. இருந்தாலும் கண்ணுக்கு முன்னால கெடக்கட்டும். நீங்க எதுவரைக்கும்? ராஜபாளையமா. நல்லதாப் போச்சு. எனக்கு சங்கரன்கோவில், அங்க எறங்கி டவுன் பஸ் புடிக்கணும்.

கையப் பாக்கியளா? இது கயிறு உரசுனது. ஆறிக்கிட்டு வருது. மலையில இருந்து கயித்துல எறங்கும்போது ஆச்சு. சிரிக்கிய பாருங்க. இந்த வயசுல கயித்துல எறங்கினானாக்கும்னு நெனைக்கிய. எறங்கினேன் தம்பி. அதுலதான் இவ்வளவு கூத்தும். சொல்லுதேன், நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. ஊர்ல போய் இத வாய் தெறந்து சொல்ல முடியாது. உங்ககிட்டன்னா, நீங்க ராஜபாளையத்துல எறங்கிப் போயிருவிய.

எம் பேரு கோமதிநாயகம். பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க பக்கத்துல பி.டி. சார்னா சின்னப்புள்ள கூட வீட்டக் காமிக்கும். நான் விசில வாயில வச்சா கிரவுண்டுல காக்கா கூட அப்படியே நிக்கும். எம் பையன் நெல்லையப்பனும் எங்கிட்டதான் படிச்சான். ஒத்தப் புள்ள. வாத்தியார் மகன்னு சலுகையெல்லாம் கெடையாது. மத்தவனுக்கு ஒரு அடின்னா அவனுக்கு ரெண்டு. அப்பதானே ஊர்ல ஒருத்தன் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேச மாட்டான்? அந்த அடிதான் இன்னைக்கு அவன பீனிக்ஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில உக்காத்தி வச்சிருக்கு. இத அவன் ஒத்துக்கிட மாட்டான், அது வேற விசயம்.

எம் பொண்டாட்டி உலகம்மா போன ஆடியில தவறிப் போனா. பையன் வந்தான், மொட்ட போட்டான், காரியம் முடிஞ்சதும் போயிட்டான். அதுக்கப்புறம் பேச்சே கொறஞ்சு போச்சு. நான் கூப்பிட்டா, 'சாப்பிட்டீங்களா, மாத்திர போட்டீங்களா, சரி வச்சிரட்டுமா.' இவ்வளவுதான். சில நாளு எடுக்கவே மாட்டான். எனக்கு வேற யாரு இருக்கா சொல்லுங்க. வீட்டுல நான் ஒத்தையில, டி.வி. அதுபாட்டுக்கு ஓடும். நாடகத்துல எவளோ அழுவா, நான் பாட்டுக்கு அவளத் திட்டிக்கிட்டுக் கெடப்பேன்.

அப்படி இருக்கையில ஒரு நாளு அவனாவே கூப்பிட்டான். 'அப்பா, இங்க வந்து ரெண்டு மாசம் இருங்க'ன்னான். நான் உடனே சரின்னு சொல்லிரல. யோசிச்சுச் சொல்லுதேன்னேன். மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கப் போயிட்டேன், அது அவனுக்குத் தெரியாது.

விசா கெடைக்க நாளாச்சு. பங்குனியிலதான் போய்ச் சேந்தேன். அங்க போனா அவனுக்கு ஒரு பைத்தியம் புடிச்சிருக்கு. சனிக்கிழம வந்துட்டா கயிறு, இரும்பு வளையம், ஹெல்மெட்டு எல்லாத்தையும் கார்ல போட்டுக்கிட்டு பாலைவனத்துக்குப் போயிருதான். அங்க தரையில மலை வெடிச்சுக் கெடக்கு. மேல இருந்து பாத்தா ஒரு கீறல். உள்ள எட்டிப் பாத்தா பன ஒசரத்துக்கு ஆழம். சில எடத்துல ஒரு ஆளு ஒருக்களிச்சு நடக்கலாம், அவ்வளவுதான் அகலம். மழத் தண்ணி காலங்காலமா பாறைய அறுத்து வச்சிருக்கு. அதுக்குள்ள கயித்தக் கட்டி எறங்கி, தண்ணி கெடந்தா நீந்தி, மறுபடி கயித்தக் கட்டி எறங்கி, கடைசியில மலைக்குக் கீழ்ப்பக்கம் வெளிய வரணும். கேன்யனிங்காம். சம்பளம் குடுத்தாலும் நம்மாளு ஒருத்தன் எறங்க மாட்டான். இவனுக கைக்காசு போட்டு எறங்குதானுக.

நான் போய் ஒரு வாரம் இருக்கும். சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில சொல்லுதான், 'அப்பா, ஒரு நாள் என்கூட கேன்யனுக்கு வாங்க. சின்னதா ஒன்னு இருக்கு, புதுசா வர்றவங்களக் கூட்டிட்டுப் போறதுதான். நான் பழகித் தர்றேன்.' தம்பி, கையில எடுத்த சோத்த அப்படியே தட்டுல வச்சிட்டேன். அவன் பொறந்ததுல இருந்து நான்தான் அவன 'வாலே, வாலே'ன்னு இழுத்துக்கிட்டுப் போயிருக்கேன். அவன் என்னக் கூப்பிட்டது அதுதான் முத தடவ. அந்த ஒரு நாளு மட்டும் நல்லபடியாப் போயிட்டு வந்துட்டா எங்களுக்குள்ள எல்லாம் சரியாயிரும்னு எனக்குப் பட்டுச்சு. அவனும் அத நெனச்சுத்தான் கூப்பிட்டிருப்பான்.

சரின்னுட்டேன். ஆனா திட்டம் போடுறதுன்னா சும்மாவா? மாவட்ட விளையாட்டுப் போட்டி எத்தன நடத்துனவன் நான். அவன் கம்ப்யூட்டர்ல படத்தப் போட்டு, இங்க ஏறணும், இங்க எறங்கணும், இந்த மரத்துல கயிறு கட்டணும், இந்தக் குழியில தண்ணி கெடக்கும்னு காமிச்சான். நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொன்னாத் திருத்துனேன். பாலைவனத்துக்குப் போறதுக்கு ரப்பர் சட்ட எடுத்து வைக்கான். எதுக்குலேன்னா, உள்ள வெயிலே விழாது, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்ங்கான். பாலைவனத்துல குளுருதுன்னு வெளிய சொன்னா சிரிப்பானுகளேன்னேன்.

அப்புறம் மழ. நாங்க போற எடத்துல வெயில் அடிக்குமாம், எங்கயோ மேக்க ரொம்பத் தள்ளி மழ பெஞ்சா, கொஞ்ச நேரத்துல தண்ணி செவுரு மாதிரி அந்த வெடிப்புக்குள்ள வருமாம். அதனால தெனமும் வானிலையப் பாத்துக்கிட்டே இருப்பான். நான் சொன்னேன், 'எலே, குத்தாலத்துல நான் பாக்காத தண்ணியா? வாரதுக்கு முன்னாலயே சத்தம் வரும். ஒதுங்கி நின்னுக்கிட வேண்டியதுதான்.' 'ஒதுங்க எடமே இருக்காதுப்பா'ன்னான். 'எடம் இல்லாம எங்கல போயிரும், மனசு இருந்தா எடம் இருக்கும்'னேன். அவன் திரும்பிக் கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டான். சொன்னா கேக்க மாட்டான்.

சனிக்கிழம ஒம்பது மணிக்கு மேல ராகுகாலம், அதுக்கு முன்னால காலடி எடுத்து வச்சிரணும்னு சொன்னேன். அவன் விடியுறதுக்கு முன்னாலயே கெளம்பணும்னான், வெயிலுக்குப் பயந்து. ரெண்டும் ஒத்துப் போச்சு. எங்களுக்குள்ள ஒத்துப் போனது அந்த ஒன்னுதான்னு வைங்களேன்.

ஒரு விசயம் மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கயித்த ரெட்டையாப் போட்டுத்தான் எறங்குவாங்க. எல்லாரும் கீழ போனதும் ஒரு நுனியப் புடிச்சு உருவுனா கயிறு மொத்தமும் கீழ வந்துரும். அப்புறம் மேல ஏற முடியாது. அடுத்த எறக்கம், அதுக்கடுத்த எறக்கம்னு முன்னால போறது ஒன்னுதான் வழி. அதனால முத கயித்த உருவுறதுக்கு முன்னாலயே யாருக்காவது ஒடம்பு சரியில்ல, மனசு சரியில்லன்னா சொல்லிரணும். சொல்லிட்டா, ஏன் எதுக்குன்னு கேக்காம எல்லாரும் திரும்பிரணும். அது அவனுக சட்டம். எனக்கு அது புடிக்கல. நான் மட்டும் அப்படி ஒரு சட்டம் வச்சிருந்தா, எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பய ஓட்டப் பந்தயத்த முடிச்சிருக்க மாட்டான்.

என்ன, திருமங்கலம் தாண்டிட்டமா? சரி.

இதுல அந்தப் புள்ள ஒன்னு இருக்கு. பேரு மரிசோல். எனக்கு வாயில வரல, மரிக்கொழுந்துன்னுதான் கூப்பிட்டேன். சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாக்கும். மெக்சிகோக்காரக் குடும்பம், பெரிய ஆஸ்பத்திரியில அவசர வார்டுல நர்சு. அவனுக்கும் அதுக்கும் என்னன்னு நானும் கேக்கல, அவனும் சொல்லல. வீட்டுக்கு வந்தா செருப்ப வாசல்லயே கழத்திரும். உலகம்மா படம் ஒன்னு செவுத்துல மாட்டியிருக்கான். அதுக்கு முன்னால போய்ச் சத்த நேரம் நிக்கும். எதுக்கு நிக்குன்னு தெரியல. அதுதான் எங்ககூட வாரதா இருந்துச்சு.

அப்ப எத்தன பேரு ஆச்சு? மூணு. மூணு பேரா ஒரு காரியத்துக்குப் போகக்கூடாது, தெரியும்லா? வெளங்காது. நான் அவன்கிட்ட, 'அந்தப் புள்ள எதுக்கு, நாம ரெண்டு பேரும் போவோம்'னேன். அவன் பொறுமையா வெளக்குனான். நல்லாப் பழகுன ஒரு ஆளு முதல்ல எறங்கிக் கீழ நிக்கணும். மேல இருந்து எறங்குறவன் கையத் தப்பா விட்டுட்டா, கீழ நிக்கிற ஆளு கயித்த இழுத்துப் புடிச்சா அப்படியே நின்னுரும், விழ மாட்டான். பழகுன இன்னொரு ஆளு மேல நின்னு முடிச்சையும் கொக்கியையும் பாத்து அனுப்பணும். புதுசா வாரவன் எப்பவும் நடுவுல. 'நீங்க நடுவுலப்பா. மரிசோல் கீழ நிப்பா, நான் மேல நிப்பேன். உங்களுக்கு மூணு பேரு கண்டிப்பா வேணும்'னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. எத்தனையோ வருசம் வரிசைக்கு முன்னால நடந்தவன் நான். என்ன நடுவுல வைக்கான், பால்வாடிப் புள்ளைய ரோடு கடத்துற மாதிரி.

சரி, நடுவுலயே வாரேன், ஆனா நாலாவதா ஒரு ஆளு வேணும்னுட்டேன். அங்க ஒரு கோவில் இருக்கு, ஞாயித்துக்கிழம போவோம். அங்க ஒருத்தரப் புடிச்சேன். ஆறுமுகநேரிக்காரர், மகள் வீட்டுக்கு வந்திருக்காரு. சனிக்கிழம ஒரு எடத்துக்குப் போறோம், புளியோதர கட்டுறோம், நீரும் வாரும்னேன். சரின்னுட்டாரு. அப்புறம் அவரு மக எம் பையனுக்கு போன் போட்டு, எங்கப்பாவுக்கு மூட்டுல ஆபரேசன் பண்ணியிருக்கு, அவரப் போய் மலையில எறக்கப் பாக்கியளேன்னு சத்தம் போட்டிருக்கா. அன்னைக்கு ராத்திரி அவன் எனக்குச் சாப்பாட்ட வச்சிட்டு, ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டான். நல்லதுக்குச் சொன்னா இதுதான் மரியாத.

பழகுறதுக்குன்னு வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பாறைக்குக் கூட்டிட்டுப் போனான். ரெண்டு மாடி ஒசரம் இருக்கும். இடுப்புல வார மாட்டி, கயித்த ஒரு வளையத்துக்குள்ள விட்டு, வலது கையக் கீழ வச்சுப் புடிச்சுக்கிட்டே எறங்கணும். அந்த வலது கைதான் பிரேக்கு. 'என்ன ஆனாலும் அந்தக் கைய விடாதீங்கப்பா.' நூறு தடவ சொல்லியிருப்பான். நான் எறங்குனேன். சும்மா சொல்லக்கூடாது தம்பி, நல்லா எறங்குனேன். கையுறை போட்டா புடி கெடைக்கல, அதனால அதக் கழத்திப் பையில வச்சுக்கிட்டேன். கீழ ஒரு வெள்ளக்காரர் நடந்து போயிக்கிட்டு இருந்தாரு, அவருகிட்ட முன்னாலயே போனக் குடுத்து போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தேன். பாதியில வந்ததும் அவரப் பாத்து ஒரு கையக் காட்டுனேன். எந்தக் கைன்னு கேக்கியளா? வலது கைதான். இடது கையில டாட்டா காட்டுனா நல்லாவா இருக்கும்?

கயிறு சர்ருன்னு ஓடுச்சு. வெறுங்கையில எட்டிப் புடிச்சேன், அப்ப கிழிச்சதுதான் இது. மேல இருந்து அவன் 'நில்லுங்க, நில்லுங்கப்பா'ன்னு கத்துறான். கேட்டுச்சு, கேக்காம இல்ல. ஆனா நான் ஒரு காரியம் செய்யும்போது எவனாவது நில்லுன்னு சொன்னா எனக்கு ஆகாது. அதுக்குள்ள கீழ நின்ன மரிக்கொழுந்து கயித்தப் புடிச்சு இழுத்துருச்சு. நான் அந்தரத்துல அப்படியே நின்னேன். போட்டோ அருமையா விழுந்துருக்கு. எங்க வாத்தியார் குரூப்ல போட்டேன், எல்லாரும் கைதட்டி அனுப்பியிருக்கானுக. எறங்கி வந்து பாத்தா இவன் பாறையில குத்த வச்சு உக்காந்துருக்கான், மூஞ்சியில ரத்தமே இல்ல. 'என்னல, பயந்துட்டியா'ன்னேன். எந்திரிச்சு வந்து என் வலது கைய விரிச்சுப் பாத்தான். ஆனா விட்டுறல பாத்துக்கோங்க. மறு வாரமும் கூட்டிட்டுப் போனான், அதுக்கடுத்த வாரமும் கூட்டிட்டுப் போனான். கையுறைய அவனே எங்கையில மாட்டி விட்டான், எல்.கே.ஜி. புள்ளைக்கு மாட்டுற மாதிரி.

போறதுக்கு முந்துன வாரம் மரிக்கொழுந்து வீட்டுக்கு வந்துச்சு. ஒடம்பப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்னு உக்காந்துச்சு. பிரஷர் இருக்கா? இல்ல. சுகர் இருக்கா? இல்லன்னேன். மாத்திர போடுதேன், மாத்திர போட்டா இல்லாததுதானே? நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது? எனக்கா? அசதியா இருந்தா சொல்லுவீங்களான்னு கேட்டுச்சு. அசதின்னா என்னன்னே எனக்குத் தெரியாதும்மான்னேன். அப்புறம் கேட்டுச்சு, உங்க மனைவி எப்படி எறந்தாங்க, அவங்களுக்கு இதய நோய் இருந்துச்சான்னு. இந்தப் பேச்சுக்கு அது எதுக்குன்னு எனக்குப் புரியல. இருந்தாலும் சொன்னேன். நமக்கு இங்கிலீசு ஓரளவுக்கு வரும்.

உங்களுக்கும் சொல்லுதேன். வருசா வருசம் ஆடித்தவசுத் திருவிழாவுக்கு எங்க ஊர்ல இருந்து சங்கரன்கோவிலுக்கு நடந்தே போயிருவேன். பஸ்ஸு இருக்கு, ஆட்டோ இருக்கு, அதெல்லாம் நமக்கு வேண்டாம். நான் முன்னால போவேன், அவ பின்னால வருவா. போன வருசம் காலையிலயே ஒரு மாதிரியா இருந்தா. நெஞ்சு எரியுதுன்னா. முந்தின நாளு வட தின்னவ, எரியாம என்ன செய்யும்? அவ எனக்குத் தெரியாம இவனுக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கா. இவன் அங்க இருந்து எனக்குப் போட்டு, 'அப்பா, இன்னைக்குப் போகாதீங்க, அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க'ங்கான். ஏழு கடலுக்கு அங்கிட்டு இருந்துக்கிட்டு எனக்குச் சொல்லுதான். நடந்தா சரியாயிரும், வாயுதான்னு சொல்லி வச்சிட்டேன்.

பாதித் தூரத்துல 'முடியலங்க'ன்னா. 'முடியும், நட'ன்னேன். ஒரு வேப்ப மரத்தடியில 'கொஞ்சம் உக்காருவோமே'ன்னா. உக்காந்தா அப்புறம் எந்திரிக்க மனசு வராது தம்பி, இது விளையாட்டுல உள்ள எல்லாருக்கும் தெரியும். ஓய்வு குடுத்தா ஒடம்பு கெட்டுரும். நான் நிக்காம நடந்தேன். நான் நடந்தா அவ வந்துருவா, எப்பவும் அப்படித்தான். ஊருக்குள்ள நுழையிற எடத்துல திரும்பிப் பாக்கேன், ஆளக் காணும். திரும்பி வந்தா, ஒரு கரும்புச்சாறு கடைக்கிட்ட கூட்டமா நிக்காங்க. யாரோ தண்ணி தெளிச்சிக்கிட்டு இருக்காங்க. அவ்வளவுதான். அவ விதி அவ்வளவுதான். தவசு அன்னைக்கு, கோமதி அம்மன் எல்லையில. எத்தன பேருக்குக் கெடைக்கும்?

இத நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே எம் பையன் எந்திரிச்சுப் போயிட்டான். உள்ள பாத்திரம் கழுவுற சத்தம் கேக்கு. மூணு தட்டுக்கு அவ்வளவு நேரம் தண்ணியத் தெறந்து விட்டுருக்கான். மரிக்கொழுந்து மட்டும் இருந்துச்சு. அது ஒன்னே ஒன்னு கேட்டுச்சு. முடியலன்னு அவங்க எத்தன தடவ சொன்னாங்க? என்ன கேள்வி பாருங்க. நான் எண்ணிக்கிட்டா நடந்தேன்?

பால்கோவாக்காரன் ஏறிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துட்டா அதுக்குள்ள? வேண்டாம்ப்பா, சுகரு. நீங்க வாங்கிக்கிடுங்க தம்பி.

இருங்க, அந்த நாளச் சொல்லிருதேன். விடியுறதுக்கு முன்னாலயே கெளம்பிட்டோம். எனக்கு மட்டும் அந்த மூணு விசயம் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. உலகம்மா சொல்லுவா, ஆளு கெடைக்கலன்னா ஒரு கல்ல எடுத்துக்கிட்டா நாலுன்னு கணக்கு ஆயிரும்னு. அவன் தோட்டத்துல கெடந்த கல்லு ஒன்ன, மாங்கா அளவு இருக்கும், கயித்துப் பைக்குள்ள அடியில போட்டுட்டேன். யாருக்கும் தெரியாது.

கார நிறுத்திட்டு மல மேல ஏறுனோம். நம்ம தேரிக்காட்டுக்கு நடுவுல மலைய நட்டு வச்சா எப்படி இருக்கும், அப்படிச் செக்கச்செவேல்னு கெடக்கு. ஒரு குருவி சத்தம் இல்ல. வானத்துல பொட்டு மேகம் இல்ல. நான்தான் முன்னால நடந்தேன். ரெண்டு தடவ 'மெதுவா போங்கப்பா'ன்னான், நான் காதுல வாங்கல. வெடிப்பு ஆரம்பிக்கிற எடத்துல ஒரு கட்ட மரம், வேரெல்லாம் பாறைக்குள்ள போயிருக்கு. அதுல கயிறு கட்டணும். அவன் பையில இருந்து கயித்த உருவி எடுக்கான், எடுக்கான், கடைசியில கல்லு வந்து விழுந்துச்சு.

கையில எடுத்துப் பாத்தான். என்னப் பாத்தான். அப்புறம் சிரிச்சான் தம்பி. அப்படி ஒரு சிரிப்பு. நான் போனதுல இருந்து அவன் சிரிச்சு நான் பாக்கல. அந்தப் புள்ளைக்கு வேற வெளக்கிச் சொல்லுதான், அதுவும் சிரிக்கு. அந்தக் கல்ல வாங்கி, பாறை மேல மரியாதையா உக்கார வச்சு, அதுக்கு ஒரு வணக்கம் வேற போட்டுச்சு. அப்ப இவன் சொல்லுதான், 'அம்மாவும் இப்படித்தான்ப்பா. நாம மூணு பேரும் எங்க போனாலும் பெட்டிக்குள்ள ஒரு கல்லு போட்டுருவா. வீட்டுக்கு வந்ததும் எடுத்து வெளிய போட்டுருவா.' எனக்கு அது தெரியாது. பெட்டி தூக்கிக்கிட்டு வாரது அவதானே, எனக்கு எப்படித் தெரியும்?

அந்த நேரம் எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. சொல்லுததுக்கென்ன, கண்ணு கலங்கிருச்சு. எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சேன்.

கயித்த மரத்துல கட்டிட்டு அவன் எம் பக்கத்துல வந்து உக்காந்தான். தோள் உரச உக்காந்தான். 'அப்பா, உள்ள எறங்குறதுக்கு முன்னால ஒன்னு கேக்கணும். உள்ள போனப்புறம் உங்களுக்கு முடியலன்னா, முடியலன்னு வாய் விட்டுச் சொல்லுவீங்களா?'ன்னு கேட்டான். 'அந்த வார்த்த என் வாயில வராதுலே. பயப்படாத'ன்னேன்.

குனிஞ்சு பூட்சு நாடாவ இறுக்கிக் கட்டுனான். அப்புறம் கேட்டான், 'சரி. எனக்கு முடியலன்னு நான் சொன்னா, நிப்பீங்களா?'

நான் என்ன சொல்லணும் நீங்களே சொல்லுங்க. ஒரு தகப்பன் என்ன சொல்லுவான்? அவன் முதுகுல தட்டி, 'நீ அப்படிச் சொல்லக்கூடாது. அப்படியே சொன்னாலும் நான் விட மாட்டேன்ல. உன்னத் தள்ளியாவது நடக்க வச்சிருவேன்'னேன். தைரியத்துக்குத்தான் சொன்னேன்.

என்ன அப்படிப் பாக்கிய? தப்பா?

அவன் எந்திரிச்சான். அந்தப் புள்ளகிட்ட இங்கிலீசுல ரெண்டு வார்த்த சொன்னான். அது ஒரு கேள்வி கேக்கல, இடுப்பு வார அவுக்க ஆரம்பிச்சிட்டு. இவன் மரத்துல கட்டுன கயித்த அவுத்தான். எனக்கு ஒன்னும் புரியல. 'தண்ணி குடிச்சுக்கோங்கப்பா, திரும்புறோம்'னான். ஏன்லன்னேன். 'எனக்கு மனசு சரியில்ல'ன்னான்.

காரணம் கேக்கக்கூடாதாம். கேக்காம இருக்க நான் என்ன மூணாவது மனுசனா? வழிநெடுகக் கேட்டேன். மேகம் இல்ல, காத்து இல்ல, ராகுகாலம் இல்ல, நாலு கணக்கும் சரி பண்ணியாச்சு, இத்தன வாரம் பழகியாச்சு, பின்ன என்னல உனக்குன்னேன். கோழப்பயன்னேன். ஆமா, சொன்னேன், கோவத்துல வந்துருச்சு. உங்கம்மா மாதிரியே இருக்க, பாதியில உக்காருற ஆளுன்னேன். அவன் எனக்குப் பின்னாலயே வந்தான், ஒரு எட்டு தள்ளி, நான் தடுக்குனா புடிக்கிற தூரத்துல. 

கார்ட்ட வந்து சாவிய எடுத்துக் கையில வச்சுக்கிட்டுச் சொன்னான். 'அம்மா சொன்னப்போ நீங்க நின்னிருக்கணும்ப்பா.'

நான் விடல. 'நின்னிருந்தா மட்டும் பொழச்சிருப்பாளா? டாக்டரே சொல்லிட்டான், ஒரே அடியில போயிருக்குன்னு'ன்னேன். 'தெரியாதுப்பா. பொழச்சிருக்க மாட்டா, இருக்கலாம். ஆனா நின்னிருக்கணும்'னான். அந்தப் பக்கம் திரும்பிக் கார்க் கதவத் தெறந்தான். பாத்தியளா, பதில் இல்ல அவன்கிட்ட. அந்தக் கல்ல மட்டும் எடுத்துட்டு வந்திருக்கான். கார்ல முன்னால கண்ணாடிக்கிட்ட வச்சுக்கிட்டான்.

அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. சாப்பாடு போடுவான், மாத்திர எடுத்துத் தருவான், கட்டுக்கு மருந்து போட்டு விடுவான். ஒரு கொறையும் கெடையாது. டிக்கெட்ட மட்டும் முன்னாலயே மாத்திட்டான். வெயில் கூடுது, உங்களுக்கு ஆகாதுன்னான். சங்கரன்கோவில் வெயில்ல வளந்தவனுக்கு அங்க உள்ள வெயில் ஆகாதாம். வயிறு எரியுது தம்பி. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு கேட்டேன் அவன்கிட்ட. அதுவும் நான் கேக்கல, அவன்தான் கூப்பிட்டான்.

ஏர்போர்ட்டுக்கு அந்தப் புள்ளையும் வந்துச்சு. என் கையப் புடிச்சுக் கட்டப் பாத்துட்டு, சரியாயிரும்னு சொல்லுச்சு. நான் இவன்கிட்ட, 'ஆடியில அம்மாவுக்கு முத வருசத் திதி. கோவில் பக்கத்துலயே மண்டபம் பாத்து வச்சிருக்கேன். சமையலுக்கு ஆளு சொல்லியாச்சு. நீ லீவு மட்டும் போட்டா போதும்'னேன். 'நான் இங்கயே செஞ்சுக்கிடுறேன்ப்பா'ன்னான். ஒத்தப் புள்ள கொள்ளி வச்சவன், பிண்டத்த அங்க எந்த ஆத்துல கரைப்பான்? வருவான். இப்ப அப்படித்தான் சொல்லுவான், பின்னால மனசு மாறும். வராம எங்க போயிருவான்? நான் வந்து எறங்குனதும் போன் போட்டேன், எடுக்கல. அங்க இப்ப ராத்திரி, தூங்குவான்.

உங்க ஸ்டாப்பு வந்துட்டு போல, எந்திரிக்கிய. போங்க, போங்க, பையப் பாத்து எடுத்துக்கோங்க.

இல்ல, இந்த ஒன்ன மட்டும் கேட்டுட்டுப் போங்க. ஏர்போர்ட்டுல உள்ள போற வாசல்ல நின்னு, போயிட்டு வாரேன்லன்னேன். அதுக்கு அவன், 'சரி, போங்கப்பா'ன்னான். போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்த கூட வரல. ஒரு மனுசன் வழிக்குக் கெளம்பும்போது என்ன சொல்லணும்னு அவன் அம்மா சொல்லிக் குடுத்துருக்கணும், குடுக்கல. நான் திரும்பிப் பாக்கல. வழிக்குக் கெளம்புறவன் திரும்பிப் பாக்கக்கூடாது. அதனால, அங்க நின்னுக்கிட்டு இருந்தானா, போயிட்டானான்னு எனக்குத் தெரியாது தம்பி.